நீங்க முன்னால போங்க சம்பந்தி

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகமாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் எங்களோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெளிநாட்டுக்குக் கிளம்புகிற வேலையெல்லாம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். கண்ணாடிப் பாத்திரங்களை மட்டும் என் மகளைக் கட்டச் சொல்லாதீர்கள். அவளை வளர்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனைக் காதில் வைத்து 'மாப்பிள்ளை' என்று முடிப்பதற்குள் உங்கள் அத்தை அதைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு எனக்குக் கிடைப்பது 'அவரும் விசாரிச்சதா சொல்லச் சொன்னார்' என்ற ஒரு வரிதான். நீங்கள் கேட்டிருப்பதோ பெரிய விஷயம். நீங்கள் கடல் தாண்டிப் போனபின் இந்த ஊரில் தனியாக இருக்கும் உங்கள் அப்பாவை எங்கள் மாடிப் போர்ஷனில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். 'அவசரப்பட வேண்டாம் மாமா, முதலில் மூன்று பேரும் ஒரு பயணம் போய் வாருங்கள், ஒத்துப்போகிறதா பார்த்துவிட்டு எழுதுங்கள்' என்று கடலோரச் சரணாலயத்துக்கு நீங்களே டிக்கெட்டும் எடுத்து அனுப்பினீர்கள். பறவைகள், கடல்நாய்கள், செங்குத்துப் பாறைகள் எல்லாம் பார்க்கலாம் என்றீர்கள். பார்த்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முடிவைக் கடைசியில் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, ஒன்றை நீங்கள் யோசிக்கவில்லை. உங்கள் அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க ரயில் கார்டு. எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்த்துவிட்டு, கொடி காட்டிவிட்டு, கடைசி ஆளாகக் கடைசிப் பெட்டியில் ஏறினவர். நானோ துணிக்கடைக்காரன். 'வாங்க வாங்க, உள்ள வாங்க' என்று வந்தவரை முன்னால் விட்டுப் பின்னால் போயே வயதானவன். வந்தவர் எந்தத் துணியைத் தொட்டாலும் 'உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு' என்று சொல்லியே பிழைத்தவன். இதற்கு மேல் நாங்கள் சம்பந்திகள் வேறு. இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே கதவு உள்ள வேனில் ஏற்றினால் என்ன ஆகும்? அவர் என்னை ஏறச் சொன்னார், நான் அவரை ஏறச் சொன்னேன். 'தாங்கள் பெரியவர்' என்றேன். 'பெண்ணைக் கொடுத்தவர் நீங்கள்' என்றார். வேன் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் ஒரு டீ குடித்துவிட்டே வந்துவிட்டார். உங்கள் அத்தைதான், "ரெண்டு பேரும் ஏறுறீங்களா, இல்ல நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வரவா?" என்று ஒரு அதட்டல் போட்டு எங்களை உள்ளே தள்ளினாள்.

சரணாலய வாசலில் கழுத்தில் விசில் மாட்டிய ஒரு காவலர் பெண் எங்களை வரவேற்றாள். வயது என் மகளைவிடக் குறைவு, அதிகாரம் என் மனைவியைவிட அதிகம். சத்தம் போடக் கூடாது, தடத்தை விட்டு இறங்கக் கூடாது, எதற்கும் தீனி போடக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பயணம் என்பதால் நான் நல்லதாக ஒரு சட்டை போட்டிருந்தேன். ஆரஞ்சு நிறம், அதில் பச்சைக் கட்டம். என் கடையில் கடைசிவரை விற்காமல் நின்ற துணி என்றாலும் நயம் சரக்கு. "சார், இந்தச் சட்டையோட போனீங்கன்னா ஒரு பறவை இருக்காது. எல்லாம் அடுத்த நாட்டுக்குப் போயிடும்" என்றாள். அதோடு விடாமல், சேற்று நிறத்தில் ஒரு மழைக்கோட்டை எடுத்து வந்து எனக்கு மாட்டிவிட்டாள். அது முழங்கால் வரை தொங்கியது. உங்கள் அப்பா, "கோட்டு கம்பீரமா இருக்கு சம்பந்தி" என்று மட்டும் சொன்னார். உங்கள் அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு மரக்குடிலுக்குள் உட்கார வைத்தார்கள். சுவரில் நீளமாக ஒரு இடுக்கு, அதன் வழியே கடலைப் பார்க்க வேண்டும். பறவைகளுக்கு நாம் இருப்பது தெரியக் கூடாதாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். உங்கள் அப்பா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "அதோ! கடல்நாய்! கரும்பாறைக்குப் பக்கத்துல, படுத்திருக்கு பாருங்க" என்றார். நான் பார்த்தேன். எனக்குக் கரும்பாறையும் அதன் பக்கத்தில் இன்னொரு கரும்பாறையும்தான் தெரிந்தன. ஆனால் வாயில் பழக்கம் முந்திக்கொண்டது. "ஆகா! என்ன பளபளப்பு! என்ன வாகு!" என்றேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். உங்கள் அப்பா அதன் தலை எது என்று காட்ட, நான் மீசையே தெரிகிறது என்றேன். அது மூச்சு விடுகிறது என்று அவர் சொல்ல, இப்போது புரண்டு படுத்தது என்று நான் சொன்னேன். பின் பெஞ்சியிலிருந்த ஒருவர், எங்கள் பேச்சைக் கேட்டு, குழாய் மாதிரி நீண்ட கேமராவைத் தூக்கி வந்து அதைப் படம்படமாக எடுத்துத் தள்ளினார். உங்கள் அத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அது பாறைங்க" என்றாள். எங்கள் இருவர் காதிலும் அது விழவே இல்லை. விழுந்ததாகக் காட்டிக்கொண்டால் யார் பொய்யர் என்ற கேள்வி வந்துவிடுமே.

அடுத்து ஆலாக்கள் முட்டையிடும் கூழாங்கல் மேடு. வெள்ளை வெளேரென்று, கத்தி மாதிரி சிறகு, கறுப்புத் தொப்பி போட்ட பறவைகள். அவை தரையிலேயே முட்டை வைப்பதால், வருகிறவன் தலையில் எது உயரமோ அதைக் குறி பார்த்துக் கொத்தும். அதற்காக ஆளுக்கொரு குச்சி கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். பறவை குச்சியைக் கொத்திவிட்டுப் போய்விடும், தலை தப்பிக்கும். உங்கள் அப்பா கொடி பிடித்த கை அல்லவா, அசையாமல் பிடித்தார். அத்தை குடையை விரித்துக்கொண்டாள். எதிரே ஒரு தம்பதி வந்தார்கள். நான் வழக்கம்போல் ஒதுங்கி, குச்சியைத் தாழ்த்தி, 'வாங்க, முன்னால போங்க' என்றேன். அவர்கள் போனார்கள். ஆலா வந்தது. என் வழுக்கையில் ஒரு கொத்து கொத்தி, கொசுறாகக் கொஞ்சம் எச்சமும் போட்டுவிட்டுப் போனது. சும்மா சொல்லக் கூடாது, குறி தவறவே இல்லை.

இவ்வளவும் முன்கதை. இனிமேல்தான் விஷயம்.

கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலுக்குள் ஒரு பாறைத் தீவு. தண்ணீர் வடிந்திருக்கும்போது கற்களின் மேல் நடந்து போய் வரலாம். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய அகலம். விசில் அடித்தால் எல்லாரும் உடனே திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறிப் பாதை மூழ்கிவிடும் என்று அந்தப் பெண் தெளிவாகத்தான் சொன்னாள். உங்கள் அத்தை கற்களைப் பார்த்தாள், தன் செருப்பைப் பார்த்தாள், "எனக்கு இங்கேருந்தே எல்லாம் தெரியுது" என்று சாப்பாட்டுப் பையோடு பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டாள். போகும்போது யார் முன்னால் என்ற பிரச்சினை வரவில்லை. பின்னாலிருந்த கூட்டம் எங்கள் இருவரையும் தள்ளிக்கொண்டே போய்விட்டது.

அங்கே போய்ப் பார்த்தால், மாப்பிள்ளை, நான் மலைத்துப்போய் நின்றுவிட்டேன். எதிரே கரையின் பாறைச் சுவர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். அதில் அடுக்கடுக்காக விளிம்புகள், ஒவ்வொரு விளிம்பிலும் பறவைகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தள்ளுபடி நாளில் என் கடையில்கூட அப்படிக் கூட்டமும் சத்தமும் கண்டதில்லை. கீழே ஒரு குகை. அலை உள்ளே போய் 'தும்' என்று இடித்ததும், மேலே ஒரு ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வானத்துக்குப் போகிறது. நாங்கள் இருவரும் ஒவ்வொரு அலைக்கும் காத்திருந்து, அது பீறிடும்போதெல்லாம் வாய்விட்டுக் கத்தினோம். இந்த வயதில் அப்படிக் கத்துவது இவ்வளவு சுகம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

விசில் அடித்தது. எல்லாரும் திரும்பினார்கள். கடைசியில் கற்பாதையின் முனையில் நாங்கள் இருவர்.

"நீங்க முன்னால போங்க சம்பந்தி" என்றார் உங்கள் அப்பா.

"அதெப்படி? நீங்க போங்க, நான் பின்னாலயே வர்றேன்."

"இல்ல இல்ல. நான் எப்பவும் கடைசியாத்தான் வருவேன். அது என் பழக்கம்."

"உங்களை விட்டுட்டு நான் முன்னால போனா நாளைக்கு மாப்பிள்ளை மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"என்னை முன்னால விட்டுட்டு நீங்க பின்னால வழுக்கி விழுந்தா மருமக மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

இப்படியே போனது. முதல் கல்லின் மேல் தண்ணீர் ஏறியது. "இப்பவாவது போங்க" என்றேன். "உங்களுக்கப்புறம்தான்" என்றார். கரையிலிருந்து அந்தப் பெண் ஒலிபெருக்கியில், "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வாங்க!" என்று கத்தினாள். "உங்களைத்தான் கூப்பிடுறாங்க" என்றேன். "இல்லையே, உங்களைப் பாத்துத்தான் சொல்றாங்க" என்றார். அதற்குள் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்து, எங்களுக்கும் கரைக்கும் நடுவில் முழுசாகக் கடல். "பாறை உச்சிக்குத் தண்ணி வராது, பயப்படாதீங்க! சாயங்காலம் வடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்! அசையாம உக்காந்திருங்க!" என்று ஒலிபெருக்கி சொன்னது. பின்னாலேயே உங்கள் அத்தையின் குரலும் கேட்டது. அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. அவள் சொன்னதை எழுதினால் மரியாதையாக இராது.

உச்சியில் போய் உட்கார்ந்தோம். பிறகு உங்கள் அப்பா, கடலைப் பார்த்தபடி, "உங்களாலதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னாலயா? ஒரு அடி முன்னால எடுத்து வைக்க உங்களுக்கு என்ன கேடு?"

"வாய்க்கு வாய் மரியாதை! கல்யாணத்துலேருந்து பாக்குறேன். உங்க மரியாதை தாங்கல ஐயா! கல்யாணத்துக்கு எனக்கு ஒரு கோட்டு தைச்சுக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அக்குள்ள அப்படியே பிடிச்சிடுச்சு. கையைத் தூக்க முடியல. மூச்சு விட முடியல. எப்படி இருக்குன்னு கேக்குறீங்க, பிரமாதம்னேன். வேற என்ன சொல்ல?"

மாப்பிள்ளை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு மண்டபத்தில் நான் அவரைக் கட்டிக்கொள்ளப் போனபோது இவர் கையைக்கூட அசைக்காமல் மரம் மாதிரி நின்றார். போட்டோ முழுக்க அப்படித்தான் நிற்கிறார். பெரிய தலைக்கனம் பிடித்த மனுஷன் என்று இத்தனை வருஷமாக மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வந்தாலும் நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். "கோட்டா? கோட்டாலயா?" என்று கேட்டேன். "பின்ன? கையைத் தூக்கினா தையல் விட்டுடும். சபையில மானம் போயிடும்" என்றார். நான் தைக்கக் கொடுத்த கோட்டு, என் கடைத் துணி, என் டெய்லர். இவர்மேல் கோபம்.

அதன்பிறகு எனக்கும் வாய் திறந்துகொண்டது. "நீங்க மட்டும் என்னவாம்? எங்க வீட்டுக்கு வந்தா ஃபேன் போட விடமாட்டீங்க. வேர்த்து ஊத்தும், நாங்க பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருப்போம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நானா? நீங்கதான் ஃபேன் போட மாட்டீங்க. உங்களுக்குக் காத்து ஆகாதுன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போனதும் குளிப்பேன்" என்றார். இப்படி ஒன்று மாற்றி ஒன்று, சண்டை வெளுத்து வாங்கியது. பறவைகளே வாயை மூடிக்கொண்டன. சத்தம் போடக் கூடாது என்ற விதி எல்லாம் காற்றில் போயிற்று. கடைசியில் தொண்டை வறண்டு, இருவரும் நிறுத்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, சிரிக்க ஆரம்பித்தோம். சிரிப்பென்றால் கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

அப்போதுதான் அது வந்தது. எங்களுக்குக் கீழே தண்ணீரில் ஒரு வழுவழுப்பான தலை. கறுப்புக் கண் இரண்டையும் உருட்டி எங்களைப் பார்த்தது. பிறகு பெரிய உடம்பைத் தொந்தி தேய இழுத்துக்கொண்டு பாறைமேல் ஏறி, சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற மனுஷன் மாதிரி ஒருக்களித்துப் படுத்தது. கை எட்டுகிற தூரம் இல்லை, ஆனால் மீசை எண்ணலாம். நாங்கள் மூச்சு விடவில்லை. "சம்பந்தி" என்று உங்கள் அப்பா என் காதில் கேட்டார், "காலையில பாத்தது பாறைதானே?"

"பாறையேதான்" என்றேன்.

"எனக்கும் அப்பவே தெரியும்" என்றார். கடல்நாய் எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

வெயில் சாய்ந்து பாறைச் சுவர் முழுக்க மஞ்சளாகிவிட்டது. உங்கள் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் இந்நேரம் ஒரு பாட்டம் திட்டியிருப்பா" என்றார். உங்கள் அம்மாவைத்தான் சொன்னார். வீட்டில் தன்னைத் திட்ட ஆளில்லை, அதுதான் பழக முடியவில்லை என்றார். துணிக்கடைப் பேச்சு எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தாது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை, நான் சந்தோஷமாக இருந்தேன். பசி, முழங்கால் வலி, தலையில் கொத்துக்காயம், எல்லாவற்றோடும் சந்தோஷமாக இருந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் விசில்காரப் பெண் வந்து, எதுவும் கேட்காமல் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். உங்கள் அப்பா பின்னால் வந்தார். கரையில் சாப்பாட்டுப் பை காலி. அத்தையும் அந்தப் பெண்ணும் பங்கு போட்டுவிட்டிருந்தார்கள். "அத்தனை நேரம் ஒண்ணாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள் அத்தை. "கடல்நாய் பாத்தோம், பக்கத்துல வந்து படுத்துச்சு" என்றோம் இருவரும் ஒரே குரலில். "எந்தப் பாறை?" என்றாள்.

இனி முடிவுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்ததில், மாடிப் போர்ஷன் ஏற்பாடு சரிப்படாது என்று தோன்றுகிறது. காரணங்கள் வருமாறு. எங்கள் மாடிப்படி குறுகல், யார் முன்னால் ஏறுவது என்று கீழேயே நின்றுவிடுவோம். அவர் குறட்டை விடுகிறார், அன்று இரவு தங்கிய விடுதியில் நானே கேட்டேன். என் சட்டைகளைப் பற்றி இப்போதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். ஆகவே தயவுசெய்து வேறு ஏற்பாடு பாருங்கள். இது முழுக்க முழுக்க என்னுடைய முடிவு. உங்கள் அப்பாமேல் எள்ளளவும் குறையில்லை. அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம்.

போகிற நாட்டில் நல்ல வீடும் நல்ல அண்டை அயலும் உங்களுக்கு அமையட்டும். என் மகள் பேச்சை வீட்டில் கேளுங்கள், வெளியில் உங்கள் பேச்சை அவள் கேட்பாள். இருவருக்கும் என் மனப்பூர்வமான ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே கடைசியில் எழுதியிருப்பது பொய். பாறையில் தண்ணீர் வடியக் காத்திருந்தபோது, மாடிக்கு வந்துவிடும்படி உங்கள் அப்பாவை நான் கேட்டேன். அந்தப் பேச்சை எடுத்ததும் எனக்குப் பழைய மரியாதை வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. 'தாங்கள் எழுந்தருளினால் எங்கள் பாக்கியம், தங்கள் சௌகரியம்போல்' என்றேன். அவரும் உடனே கார்டு மாதிரி நிமிர்ந்து, 'தங்கள் அன்பு போதும், சிரமம் வேண்டாம்' என்றார். மறுத்தால் மகன் வருத்தப்படுவான், அதனால் சரிப்படாதென்று நீங்களே எழுதிவிடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாததால் சரியென்று தலையாட்டிவிட்டேன். இதை எழுதிவிட்டு உறை தேடப் போன நேரத்தில் உங்கள் அத்தை எடுத்துப் படித்திருக்கிறாள். உடனே போனை எடுத்தாள். "அண்ணா, எதுக்கு அங்க தனியாக் கெடந்து கஷ்டப்படுறீங்க? பெட்டியை எடுத்துட்டு வாங்க. நாளைக்கு மத்தியானச் சாப்பாடு இங்கதான். வரலைன்னா நானே வந்து நாலு வார்த்தை கேப்பேன்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் அப்பா, "நீ திட்டுவியாம்மா?" என்று கேட்டார். "தினமும் திட்டுவேன்" என்றாள். "அப்ப வர்றேன்" என்றார்.